காற்று வரும் வழி

வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். நான் கதவுகளைச் சாத்திப் பார்ப்பேன். சாத்தும்போது கதவு நிலையின் ஒரு மூலையில் மட்டும் உரசினால், அஸ்திவாரம் எங்கேயோ இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சுவரில் ஓர் இடத்தில் மட்டும் பெயிண்ட் புதிதாகத் தெரிந்தால் அங்கே உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் வாய் ஆயிரம் சொல்லும், அலமாரிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

உட்காரச் சொன்னதற்கு நன்றி ஐயா. டீ வேண்டாம். நீங்கள் குடியுங்கள், ஆறிவிடும்.

என் அண்ணன் செத்துப்போனதை விபத்து என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, பார்த்ததை எழுதினார்கள். அந்த வீட்டை நாங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று அவர்கள் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன், மூக்குக் கண்ணாடிக் கடை. முன்பக்கம் முதலாளி உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பார். பின்னறையில் நான் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவேன். எங்கள் பக்கத்தில் என் பெயர் யாருக்கும் தெரியாது. டிரைவர் தம்பி என்றால் தெரியும். தலை நரைத்த பிறகும் தம்பிதான். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயரைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டவர்கள் உண்டு.

அண்ணன் டவுன் பஸ் ஓட்டினார். ஓய்வு பெறும் வரை ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. எனக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்த வயதில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அவருக்கு அப்போதுதான் மீசை முளைத்திருந்தது. அன்றிலிருந்து எனக்கு எல்லாமே அவர்தான். கரும்பலகை எனக்குத் தெரியவில்லை என்பதை வாத்தியாருக்கு முன்னால் கண்டுபிடித்தவர் அவர். தூரத்தில் வந்த பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொன்னார். நான் குத்துமதிப்பாக ஏதோ சொன்னேன். சிரித்துவிட்டு, நேராக இதே கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிற்பாடு எனக்கு அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். முதலாளி அவருடைய பஸ்ஸில் தினமும் வருகிறவர்.

அவருக்கு ஒரு பெண் பார்த்தார்கள். தம்பியை எங்காவது விடுதியில் சேர்த்துவிட்டால் சம்மதம் என்று பெண் வீட்டில் சொன்னார்களாம். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சே இல்லை. இதை அவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. உறவுக்காரர்கள் சொன்னார்கள். ஒவ்வொரு விசேஷத்திலும், பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்கிற யாராவது ஒருவர் சொன்னார். அவரே சொல்லிக்காட்டியிருந்தால் நான் ஒரு தடவை முறைத்துக்கொண்டு போயிருப்பேன், பிறகு சமாதானமாகியிருப்பேன். சொல்லிக்காட்டாத மனுஷனிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது?

முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். பெட்டியைத் திறந்து பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது. பிறகு என் கையைப் பிடித்து இழுத்து என் மணிக்கட்டிலேயே கட்டிவிட்டார். "எனக்கு ஸ்டியரிங் பிடிக்கிற கைடா, கீறல் விழுந்துடும். உனக்குத்தான் எடுப்பா இருக்கு." வாங்கிக் கொடுத்தது நான். கடைசியில் அதுவும் அவர் எனக்குக் கொடுத்ததாகிவிட்டது. தெருவில் பார்த்தவர்களெல்லாம், "அண்ணன் வாங்கிக் குடுத்ததா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கெட்டவர் என்று நிரூபிக்க நான் வரவில்லை. உங்களுக்கு நேரம் மிச்சமாகட்டும், அவரிடம் ஒரு குறையும் கிடையாது.

நாங்கள் மூன்று பேரும், அண்ணன், நான், என் மனைவி, வாடகை வீட்டில் இருந்தோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டுக்காரர் தன் மகனுக்காக வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். அண்ணனுக்கு அப்போதுதான் ஓய்வுப் பணம் வந்திருந்தது. "இனிமே மூட்டையத் தூக்கிட்டு வீடு வீடா அலைய முடியாதுடா. சொந்தமா ஒண்ணு பாத்துடுவோம்" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். என் மனைவி அன்றைக்கே திரைச்சீலைக்கு நிறம் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

தரகர் ஒருவர் ஸ்கூட்டரில் முன்னால் போவார். நாங்கள் பின்னால் ஆட்டோவில் போவோம். முதல் வீட்டை நான் உண்மையாகவே பார்த்தேன் ஐயா. கதவுகளைச் சாத்தினேன், சுவரைத் தட்டினேன், தரையில் ஒரு கோலிக்குண்டை உருட்டி விட்டேன். அது தானாகவே சமையலறைப் பக்கம் ஓடியது. தரகர், "என்ன சார், வீடு பாக்கிறீங்களா, வைத்தியம் பாக்கிறீங்களா?" என்றார். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க தம்பி கண்ணுல மட்டும் மண்ணத் தூவ முடியாது. நீ என்ன காட்டினாலும் கண்டுபிடிச்சுடுவான்." அன்று நான் சொன்ன குறைகள் எல்லாம் நிஜம். அந்த வீடு வேண்டாம் என்றது நியாயம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்தோம். கண்டக்டர் அண்ணனிடம் பழகியவர், எங்களிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். அண்ணன் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்துவிட்டு, "எந்த வீடா இருந்தாலும் பத்திரம் உன் பேர்லதான்" என்றார்.

"உங்க காசுண்ணே. உங்க பேர்ல இருக்கட்டும்."

"எனக்கு எதுக்குடா பேரு? கூடவே தூக்கிட்டா போகப்போறேன்?"

"சரி, ரெண்டு பேர் பேர்லயும் போடுவோம்."

"அண்ணன் தம்பிக்குள்ள என்னடா பங்கு பிரிக்கிறது?" என்று என் தொடையில் தட்டினார். கண்டக்டர் கேட்டுக்கொண்டு நின்றார். முன்சீட்டில் இருந்த ஒரு பெண் திரும்பி, "இந்தக் காலத்துல இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் குடுத்து வைச்சிருக்கணும் தம்பி" என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோருக்கும் என் விஷயம் தெரியும் போல இருந்தது.

நீங்கள் இதைக் காரணமாக எழுதிக்கொள்வீர்கள் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். சொத்துக்காகச் செய்தேன் என்று யாராவது சொன்னால் அது தப்பு. சொத்தை அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட்டார். அவர் பேரில் வைத்துக்கொண்டிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

அந்த வாரம் கடைக்கு ஓர் அம்மா வந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. தன் அக்கா மகனும் மருமகளும் புது வீட்டில் குளியலறையில் செத்துக் கிடந்ததைப் பற்றி முதலாளியிடம் சொன்னார். உள்ளே கேஸில் எரிகிற ஹீட்டர் இருந்ததாம், காற்று வர வழி இல்லையாம். புகையும் இல்லை, நாற்றமும் இல்லை, தூங்கினது போல இருந்தார்களாம். முதலாளி உச்சுக்கொட்டினார். பின்னறையில் நான் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் கை நிற்கவில்லை. மற்றவர்களைப் போல நானும் ஐயோ பாவம் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு வீடு பார்க்கப் போனால் முதலில் குளியலறைக்குள் போக ஆரம்பித்தேன். பாதுகாப்புக்காகத்தான் பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்துப் பார்த்தது ஒரு நர்ஸ் அம்மாவின் வீடு. வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போகிறவர். அந்த வீட்டில் ஒரு குறை இல்லை. கதவுகள் வெண்ணெய் போல வழுக்கிச் சாத்திக்கொண்டன. கோலிக்குண்டு வைத்த இடத்திலேயே நின்றது. குளியலறையில் ஆள் நுழைகிற அளவுக்கு ஜன்னல், கரண்ட் ஹீட்டர். அண்ணன் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, "எனக்குப் பிடிச்சிருக்குடா. நீ என்ன சொல்றே?" என்றார்.

"சுவர்ல ஈரம் இருக்குண்ணே" என்றேன்.

நர்ஸ் அம்மா பதறிப்போய்ச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். "ஈரமா? எங்க சார்? இத்தனை வருஷம் இருந்திருக்கேன், எனக்குத் தெரியலையே."

"மழைக்காலத்துல தெரியும்."

அவர் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் உடனே நம்பிவிட்டார். தம்பி சொன்னால் வேதவாக்கு அவருக்கு. வெளியே வந்ததும், "நல்லவேளை பாத்தே" என்று என் தோளில் கையைப் போட்டார். ஒரு தவறும் செய்யாத ஒரு பெண்ணின் வீட்டைக் கெட்ட வீடு என்று சொல்லிவிட்டேன். எத்தனையோ ராத்திரி அதை நினைத்துக் கூசியிருக்கிறேன் ஐயா. நீங்கள் அவரைப் பார்த்தால் சுவர் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிவிடுங்கள்.

இன்னும் சில வீடுகள் பார்த்தோம். ஒன்றில் தெருச் சத்தம் என்றேன், ஒன்றில் படி உயரம் என்றேன். தரகருக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாரும் கிச்சனப் பாப்பாங்க, நீங்க பாத்ரூமுக்குள்ள போனா வெளிய வர மாட்டேங்கிறீங்க. குளிக்கிறதுக்குன்னே தனியா வீடு வாங்கப்போறீங்களா?" என்றார். அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு பாட்டு டீச்சரின் வீடு. கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தவர், மகளோடு போய் இருக்கப்போகிறார். கூடத்தின் ஒரு பக்கத்தில் சிறிய படுக்கையறையும் பொதுக் குளியலறையும். பின்பக்கம் ஒரு பெரிய அறை, அதற்கென்று ஒட்டினாற்போல் இன்னொரு குளியலறை. அண்ணன் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்தாலும் பேச்சுக் கொடுப்பார். டீச்சர் எனக்குப் பின்பக்கக் குளியலறையைக் காட்டினார். சுவரில் கேஸ் ஹீட்டர் மாட்டியிருந்தது. மேலே ஒரு வெண்டிலேட்டர், கண்ணாடி இல்லாமல் வெறும் கம்பி வலை மட்டும்.

"இது ஒண்ண மட்டும் சொல்லிடறேன் தம்பி. மறைச்சு வித்தேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது" என்றார் டீச்சர். "இந்த ஹீட்டர வெளியில மாட்டியிருக்கணும். அவர் இருக்கும்போதே மாத்தணும்னு சொல்லிட்டே இருந்தார், அப்படியே போயிடுச்சு. அதனால வெண்டிலேட்டர்ல இருந்த கண்ணாடிய நாங்களே எடுத்துட்டோம். எவ்வளவு குளிர் அடிச்சாலும் அத மூடிடாதீங்க. கதவையும் கொஞ்சம் திறந்து வைச்சுத்தான் நான் குளிப்பேன். ஆபத்து தம்பி."

"சரிங்க டீச்சர்" என்றேன்.

"அண்ணன்கிட்டயும் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்."

ஒரு பிளம்பரைக் கூப்பிட்டால் ஹீட்டரை வெளிச்சுவருக்கு மாற்றிவிடுவார். ஒரு நாள் வேலைகூட இல்லை. அது எனக்குத் தெரியும்.

அண்ணன் உள்ளே வந்தார். "எப்படிடா?"

"எல்லாம் சரியா இருக்குண்ணே. இதையே எடுத்துடலாம். பின்னாடி ரூம் உங்களுக்கு. நல்லா பெருசு."

"பெரிய ரூம் நீங்க எடுத்துக்கங்கடா, ரெண்டு பேரு இருக்கீங்க."

"இல்லண்ணே, உங்களுக்குத் தனி பாத்ரூம் வேணும். சுடுதண்ணி வரும்."

சுடுதண்ணீர் என்றதும் மறுபேச்சு பேசவில்லை. இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்ததில் வலது தோள்பட்டை இறுகிப்போயிருந்தது. வெந்நீரை ஊற்றிக்கொண்டு நெடுநேரம் நிற்பார், நிற்கும்போது ஏதாவது முனகிப் பாடுவார். அதுதான் அவருக்கு இருந்த ஒரே சொகுசு.

குடிவந்த அன்று என் மனைவியிடம் சொன்னேன், பின்பக்கக் குளியலறைப் பக்கம் போகாதே, ஹீட்டர் உள்ளே இருக்கிறது, அடைத்த இடத்தில் அது ஆளைக் கொன்றுவிடும் என்று. அவள் அண்ணனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். "அப்ப மாமா?" என்று கேட்டாள்.

"அவருக்குச் சொல்லிட்டேன். வெண்டிலேட்டர் திறந்திருக்கு, ஒண்ணும் ஆகாது."

நானாக எதையும் செய்வதாக அப்போது உத்தேசம் இல்லை ஐயா. அந்த வலை அப்படியே இருந்திருந்தால் அவர் இன்றும் இருந்திருப்பார். ஒரு விஷயத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் கூடத்தில் நடந்து போகும்போது அதை நினைத்துக்கொள்வேன். அப்போது அவரை நிமிர்ந்து பார்த்துப் பேச முடிந்தது. அதற்கு முன்னால் அப்படி முடிந்ததில்லை.

குளிர் தொடங்கியது. ஒரு நாள் காலையில் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ சொல்ல வந்து தயங்குகிறார் என்று தெரிந்தது.

"டேய், ஒரு உதவி பண்றியா?"

எனக்குக் கையில் இருந்தது வாய்க்குப் போகவில்லை. அவர் என்னிடம் உதவி என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"சொல்லுங்கண்ணே."

"அந்த வெண்டிலேட்டர் இருக்குல்ல, அதுல ஒரு கண்ணாடி போட்டுத் தர முடியுமா? குளிக்கும்போது முதுகுல காத்து ஊசி மாதிரி குத்துது. நீதான் கண்ணாடிக்காரனாச்சே" என்று சொல்லிச் சிரித்தார். "அவசரம் இல்ல. உனக்கு எப்ப ஒழியுதோ அப்ப."

என் மனைவி அப்போது கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அன்று மாலையே, அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் செய்தேன். அளவெடுத்து, கண்ணாடியை நானே வெட்டி, ஓரத்தைக் கடையில் கொண்டுபோய்த் தேய்த்து, சுற்றிலும் கண்ணாடி ஒட்டுகிற மக்குப் பசை பூசி, ஒரு நூல்கூட நுழைய இடமில்லாமல் பொருத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. அண்ணன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கை பட்ட இடமே தெரியலடா" என்றார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினார். "தம்பி போட்டுக் குடுத்தான்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை, தம்பி கொடுத்தான் என்று. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன் ஐயா. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

உடனே எதுவும் நடக்கவில்லை. குளித்துவிட்டு வந்தால் தலை கனக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். நான் மாத்திரை கொடுத்தேன். "கண்ணுல ஏதாவது கோளாறா இருக்குமோ?" என்று என் மனைவி கேட்டாள். அவரைக் கடைக்குக் கூட்டிப் போய் நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றி வைத்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். எனக்கு அவர் பஸ் போர்டைக் காட்டினாரே, அதைப் போலத்தான். கண்ணில் ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் ஒரு புதுக் கண்ணாடி செய்து கொடுத்தேன். அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். முன்பெல்லாம் எதுவும் வாங்க மாட்டார். இப்போது வாங்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சமயத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன், அப்படித்தான் என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன்.

அது நடந்த அன்று கடைக்கு விடுமுறை. என் மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தாள். அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு போனார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் சத்தம், அதற்கு மேலே அவர் முனகும் சத்தம். நான் கூடத்தில் உட்கார்ந்து என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முனகல் நின்றது. ஏதோ கனமாகச் சாய்ந்த மாதிரி ஒரு சத்தம், பெரிதாக இல்லை. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியில் ஓரத்தில் ஒரு கறை இருந்தது, அதைத் துடைத்தேன்.

என் மனைவி பையோடு வந்தாள். "மாமா எங்க?"

"குளிக்கிறார்."

"எப்ப போனார்?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவைத் தட்டினாள், மாமா மாமா என்று கத்தினாள். பிறகு நானும் போனேன். இருவரும் சேர்ந்துதான் கதவை உடைத்தோம். அவள் உள்ளே பாய்ந்து ஹீட்டரை அணைத்தாள். மேலே பார்த்தாள். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, அந்தக் கண்ணாடியைக் குவளையால் அடித்து உடைத்தாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் வேதனை இல்லை. தண்ணீர் இன்னும் சூடாகத்தான் இருந்தது.

சாவு வீட்டுக்கு அவருடைய டிப்போவே திரண்டு வந்தது. "ரோட்ல அவ்வளவு ஜாக்கிரதையா இருந்த மனுஷன், வீட்ல இப்படி அஜாக்கிரதையா இருந்துட்டாரே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பாட்டு டீச்சர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்ககிட்ட சொன்னேனே தம்பி, அவர்கிட்டயும் நானே நேர்ல சொல்லியிருக்கணும். பாவி நான்" என்றார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்லி, தண்ணீர் கொடுத்து, வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். என் மனைவி வந்தவர்களிடமெல்லாம், "இவர் சொல்லித்தான் இருக்கார். மாமா கேக்கல, பிடிவாதம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உங்கள் ஆட்களிடமும் அதையே சொன்னாள். மனசாரத்தான் சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு ஒரு நாள் அவள் கைக்கட்டை நான் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் கண்ணாடிய யார் போட்டது?"

"நான்தான். அவர்தான் கேட்டார்."

"அவருக்கு விஷயம் தெரிஞ்சிருந்தா அத மூடச் சொல்லிக் கேட்டிருப்பாரா?"

நான் கட்டுப்போடுவதை முடித்தேன். முடிச்சை இறுக்கினேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அவரிடம் நான் சொல்லவில்லை ஐயா. மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை. அந்த வீட்டை எடுத்ததே அந்தக் குளியலறைக்காகத்தான். நர்ஸ் அம்மா வீட்டுச் சுவரில் ஈரம் என்று பொய் சொன்னபோதே நான் எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் பிடிவாதக்காரர் இல்லை, அஜாக்கிரதைக்காரரும் இல்லை. தம்பி பார்த்துக்கொள்வான் என்று இருந்தார்.

என் மனைவி அன்றைக்கே தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது வாசலில் நின்று, "ஏன்?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். நான் அவளிடம் உண்மையைத்தான் சொன்னேன். "இத்தனை வருஷத்துல அவர் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். நான் எப்படி இல்லன்னு சொல்றது?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே ஐயா, அது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.